வெப்பப் பம்பியும் நீச்சல் தடாகமும்

1941ஆம் ஆண்டு, உலகப் போரின் நடுவே, சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரப் பொது நீச்சல் தடாகத்திற்கு வெப்பப் பம்பியொன்று பொருத்தப்பட்டது. அந்நாட்டில் நிலக்கரி வளம் இல்லையென்றே கூறலாம். போர்க்காலத்தில் இறக்குமதியும் அருகியது. ஆயினும் மலையாறுகள் தந்த மின்சாரம் இருந்தது. ஏரி நீரும், தடாகத்திலிருந்து வெளியேறும் கழிவுநீருமே அப்பம்பியின் வெப்ப மூலங்களாயின. 1938இலேயே அந்நகர மண்டபம் லிம்மாற் ஆற்று நீரிலிருந்து இவ்வாறு வெப்பம் பெற்றிருந்தது.

குளிர்ந்த ஏரி, தன்னிலும் சூடான தடாகத்திற்கு வெப்பமளிப்பது எங்ஙனம்? குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்கு வெப்பம் தானாகச் செல்லாது என்பது வெப்பவியக்கவியலின் இரண்டாம் விதி. இங்கு 'தானாக' என்னும் சொல்லை நாம் கவனித்தல் வேண்டும். கிணற்று நீரும் தானாக மேலேறுவதில்லை. துலாவால் இறைத்தால் ஏறுகிறது. பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தொம்சன், வெப்பத்தையும் இவ்வாறு 'இறைக்கலாம்' என்பதை 1852இலேயே எடுத்துக்காட்டினார்.

பம்பியினுள் தாழ்ந்த வெப்பநிலையிற் கொதிக்கும் திரவமொன்று சுற்றி வருகிறது. ஆவியாக்கியில் அது ஏரி நீரின் அல்லது வெளிக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகிறது. அமுக்கி அவ்வாவியை நெருக்க, அதன் வெப்பநிலை உயர்கிறது. ஒடுக்கியில் அது தன் வெப்பத்தைத் தடாக நீருக்குக் கொடுத்துத் திரவமாகி, ஒடுங்கிய வால்வினூடாக அமுக்கம் குறைந்து குளிர்ந்து, மீண்டும் ஆவியாக்கியை அடைகிறது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் இதே பொறிதான். குளோரீன் செம்பை அரிப்பதால், தடாக நீர் செல்லும் குழாய்களை இன்று பெரும்பாலும் தைத்தேனியத்தாற் செய்கின்றனர்.

50 கன மீற்றர் நீரை 1 பாகை செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 58 கிலோவாற்று மணி வெப்பம் வேண்டும். மின்சுருளைப் பயன்படுத்தின் அவ்வளவு மின்சாரமும் செலவாகும். ஐந்து மடங்கு வெப்பந் தரும் பம்பிக்கோ 12 கிலோவாற்று மணிக்குட் போதும். எஞ்சியதைச் சூழல் தருகிறது. இம்மடங்கு நிலையானதன்று. ஏற்றவேண்டிய உயரம் கூடக் கூட அது குறையும். 27 பாகையளவில் வைக்கப்படும் நீச்சல் தடாகம் பம்பிக்கு மிகவும் இசைவானது. 38 பாகைக்கு மேலும் சூடாக்கப்படும் சுடுநீர்த் தொட்டி அவ்வளவு இசைவானதன்று.

ஆனால் தடாகம் வெப்பத்தை இழப்பது பெரும்பாலும் மேற்பரப்பினூடாகவே. ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது எடுத்துச்செல்லும் வெப்பம், ஏறக்குறைய 580 லீற்றர் நீரை 1 பாகை குளிரச்செய்யப் போதுமானது. ஆகவே பம்பி வாங்குமுன் இரவில் தடாகத்தை மூடுவதற்கு ஒரு விரிப்பு வாங்குவதே அறிவுடைமை. விற்பனையாளர் இதனை முதலிற் சொல்வதில்லை! மூடிய மண்டபத்திலாயின், ஈரக் காற்றைக் குளிர்ந்த ஆவியாக்கியின்மீது செலுத்தி, ஆவியோடு சென்ற வெப்பத்தையே மீட்டுத் தடாகத்திற்கு அளிக்கலாம். பம்பியின் ஆகச்சிறந்த பயன் இதுவே என்பது நம் கருத்து.

பழைய பம்பிகளில் ஓடிய குளோரோபுளோரோகாபன்கள் ஓசோன் படையைச் சிதைத்தமையால், 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையால் அவை விலக்கப்பட்டன. மின்சாரத்தின் பிறப்பிடமும் கணக்கிற்குரியது. சூரிச் பம்பியை இயக்கியது ஆற்று நீர். நிலக்கரி மின்நிலையத்திலோ எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு வீணாகிறது. அங்கே ஐந்து மடங்கு ஆதாயம், எரித்த நிலக்கரியோடு ஒப்பிடுகையில், ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டும்.