திறவுகோல் – 9: பீரோவுக்குள் ஒரு டைரி

வெண்ணந்தூரில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் விசைத்தறிச் சத்தம் கூடவே வரும். கரண்ட் போனால்தான் தெரு அமைதியாகும். அப்படிக் கரண்ட் போன ஒரு மத்தியானம், தறிப்பட்டறையை ஒட்டிய வீட்டில் ஓர் அக்கா பீரோவைத் திறந்து, நூல் கடைக்காரர் எப்போதோ கொடுத்த டைரி ஒன்றை என்னிடம் நீட்டினார்.

முன்பக்கங்கள் முழுக்கப் பாவுக் கணக்கு, கூலிக் கணக்கு. கடைசிப் பக்கத்தில் அவர் கணவரின் கையெழுத்தில் நான்கு வரி: ஜிமெயில், வங்கி, ஜிஎஸ்டி, இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசமாக வருகிற தறி இணைப்பின் ஈபி கணக்கு. நான்குக்கும் எதிரே ஒரே பாஸ்வேர்டு. மகள் பெயரும் அவள் பிறந்த வருஷமும். அதையும் மூன்று தடவை அடித்துத் திருத்தியிருந்தார். நாலாவது திருத்தத்தை எழுதிவைக்காமலே போய்விட்டார். 2021 மே, கொரோனா இரண்டாம் அலை.

"எட்டு மாசம் அலைஞ்சனுங்க தம்பி. போனைத் தொறக்க முடியலீங்க, மெயிலைத் தொறக்க முடியலீங்க. யாராரு பணம் தரணும்ங்கறதே அதுக்குள்ளதானுங்க இருந்துச்சு."

வாரிசுச் சான்றிதழ் காட்டி வங்கிக் கணக்கு வந்தது. ஈபி பெயர் மாறியது. மெயில் மட்டும் கடைசிவரை திறக்கவில்லை. இரண்டு வருஷம் தொடப்படாத கணக்குகளை அழிக்கப்போவதாக 2023இல் கூகுள் அறிவித்தது. அந்த மெயில் இனி இருக்குமா என்று அக்கா கேட்டபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பாஸ்வேர்டு மேனேஜரில் எது நல்லது என்று இந்தத் தொடர் ஆரம்பித்ததிலிருந்து கேட்கிறீர்கள். அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: உங்களால் முடியாதபோது அதைத் திறக்க இன்னொருவருக்கு வழி இருக்கிறதா?

டைரியில் எழுதுவதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எங்கோ உட்கார்ந்திருக்கும் திருடனுக்கு வெண்ணந்தூர் பீரோ எட்டாது. அந்தப் பக்கத்தின் உண்மையான ஆபத்து, நான்கு இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு என்பதுதான். 2020இல் பிக்பாஸ்கெட்டிலிருந்து சுமார் 2 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயின. இப்படி ஒரு கடையில் களவுபோன மெயில் முகவரியையும் பாஸ்வேர்டையும் வேறு நூறு இடங்களில் போட்டுப் பார்ப்பது திருடர்களின் அன்றாட வேலை. அதை ஆள் உட்கார்ந்து செய்வதில்லை, நிரலே செய்கிறது. இடத்துக்கு ஒரு பாஸ்வேர்டு வேண்டும். ஐம்பதை யாராலும் நினைவில் வைக்க முடியாது. அதற்காகத்தான் எல்லாவற்றையும் பூட்டிவைக்கிற பாஸ்வேர்டு மேனேஜர் என்கிற இந்தப் பெட்டி.

பெட்டிக்கு ஒரே ஒரு தலைமைப் பாஸ்வேர்டு. நூலுக்கு முறுக்கேற்றுவதுபோல, நாம் தட்டுவதை லட்சக்கணக்கான தடவை முறுக்கித்தான் மேனேஜர் சாவியைச் செய்கிறது. முறுக்கு ஏற ஏற, ஊகித்துப் பார்க்கிற திருடனுக்கு ஒவ்வோர் ஊகமும் அந்த அளவுக்கு மெதுவாகும். 2022இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பூட்டிய பெட்டிகளே நகலெடுத்துக் கொண்டுபோகப்பட்டன. புதியவர்களுக்கு முறுக்கு 1,00,100 தடவை இருந்தபோது, பழையவர்கள் சிலருக்கு 5,000 தடவையோடு நின்றிருந்தது. இணையதள முகவரிகளோ பூட்டப்படவே இல்லை. எந்த வங்கியில் கணக்கு என்பது திருடனுக்குச் சும்மாவே தெரிந்துபோனது. பெட்டியே களவுபோனாலும் உள்ளே இருப்பது பத்திரமாக இருக்கவேண்டும். விளம்பரத்தில் வரும் மற்ற வசதிகளை எல்லாம் இதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி எதை எடுப்பது? ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் பெட்டி ஏற்கெனவே இருக்கிறது. வேறு எதுவும் செய்யமாட்டேன் என்பவருக்கு அதுவே மேல். நம் ஊரிலிருந்தே வேண்டுமென்றால் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் வால்ட், தனி ஆளுக்கு இலவசம். ஜெர்மனிக்காரர் டொமினிக் ரைக்ல் 2003இல் தொடங்கிய கீபாஸ், பெட்டியை உங்கள் கணினியிலேயே ஒரு கோப்பாக வைக்கிறது. யாரையும் நம்பவேண்டியதில்லை. ஆனால் நகலெடுத்து வைப்பது உங்கள் பொறுப்பு. கணினி கெட்டு, நகலும் இல்லையென்றால் எல்லாம் போச்சு.

அந்த வீட்டுக்கு நான் சொன்னது 2016இல் வந்த பிட்வார்டன். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். இலவசத்திலேயே இரண்டு பேர் சேர்ந்து ஒரு பகுதியைப் பகிர்ந்துகொள்ளலாம். அம்மாவும் மகளும், அவ்வளவுதான் அங்கே ஆள். பணம் கட்டினால் அவசரகாலத் திறப்பும் உண்டு. நாம் குறித்துவைத்தவர் திறக்கக் கேட்டு, நாம் மறுக்காமல் நாம் வைத்த கெடு கடந்துவிட்டால், அவருக்குப் பெட்டி திறக்கும். அந்தக் கெடு ஒரு நாள் முதல் 90 நாள் வரை.

இன்னொரு நன்மையைப் பலரும் சொல்வதில்லை. 'இன்றிரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்' என்று ஒரு மெசேஜும் லிங்க்கும் வருகின்றனவே, அந்தப் போலிப் பக்கத்தில் மேனேஜர் தானாக பாஸ்வேர்டை நிரப்பாது. முகவரி பொருந்தாததால் சும்மா இருக்கும். அது சும்மா இருந்தால் நீங்களும் கையை எடுத்துவிடுங்கள். ஓடிபியை வாயால் சொல்லிவிட்டால் மட்டும் எந்தப் பெட்டியாலும் காப்பாற்ற முடியாது. அப்போது உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் போடவேண்டும்.

தலைமைப் பாஸ்வேர்டுக்கு என்ன வைப்பது என்று பேச்சு வந்ததும், மகள் பித்தளைத் தாயக்கட்டை ஒன்றைக் கொண்டுவந்தாள். கட்டைக்கு நான்கு முகம். நான்கு தடவை உருட்டினால் 256 விதமாக விழும். டைரியின் வெற்றுப் பக்கங்களில் நாடா, கொல்லை, புளி, ஏரி என்று 256 சொற்களை எண் போட்டு எழுதினாள். அதற்கே சாயங்காலம் ஆகிவிட்டது. கட்டை விழுந்தபடி ஏழு சொற்கள். அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டவேண்டும். பட்டியல் அடுத்தவர் கையில் கிடைத்தாலும், ஏழு சொற்கள் சேரும் விதம் 72 ஆயிரம் லட்சம் கோடி. மனசு தேர்ந்தெடுத்தால் அது அப்பா பெயரிலோ குலதெய்வத்திலோ போய் நிற்கும். கட்டைக்கு யாரையும் தெரியாது.

ஏழு சொற்களையும், இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான மீட்புக் குறியீட்டையும் ஒரு தாளில் எழுதி உறையில் ஒட்டி, வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வைத்தார்கள். பீரோவின் இன்னொரு சாவி ராசிபுரத்தில் அக்காவின் தம்பி வீட்டில் இருக்கிறது.

டைரியை மூடப்போன அக்கா, அந்தக் கடைசிப் பக்கத்திலேயே நின்றார். "இதைக் கிழிச்சுப் போட்டரட்டுங்களா தம்பி?"

நான் மகளைப் பார்த்தேன். தன் மெயிலுக்கு அவளும் அதே பாஸ்வேர்டைத்தான் இன்றுவரை வைத்திருந்தாள். அப்பா வைத்தது என்பதால் மாற்ற மனசு வரவில்லையாம்.

"கிழிக்க வேண்டாங்க்கா. பாப்பா அவ பாஸ்வேர்டை மாத்திட்டாப் போதும்."

அவள் மாற்றினாள். கரண்ட் வந்து தறி ஓட ஆரம்பித்தது. அக்கா டைரியைத் திரும்பப் பீரோவுக்குள் வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனார்.