சட்டையும் தகடும்

விடுதியில் என் அறைக்கு வரும் நண்பர்கள், கட்டிலுக்கடியில் கிடக்கும் எவர்சில்வர்த் தகட்டைக் கண்டு, "என்னப்பா இது, தோசைக்கல்லா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. துளைகள் பல உடைய அத்தகடு, கடலில் மூழ்கும்போது நான் முதுகில் பூணுவது. ஏன் பூண்டேன் என்பதை ஒருமுறை எழுதிவிட்டால், ஒவ்வொருவருக்கும் விடை கூறும் வேலை மிச்சமல்லவா?

நீரில் மூழ்குவதும் அரிதன்று, மிதப்பதும் அரிதன்று. இரண்டுக்கும் இடையே அசையாமல் நிற்பதுதான் அரிது. தூத்துக்குடியில் முத்துக்குளித்தோர் கல்லொன்றின் துணையால் விரைந்து இறங்கினர்; அடியை அடைந்ததும் படகிலிருந்தோர் கல்லை இழுத்துக்கொண்டனர். காற்றுக் குப்பியோடு முக்கால் மணி நேரம் உள்ளே இருப்பவனுக்கு அம்முறை உதவாது. 10 மீட்டர் ஆழத்தில், மேலே உள்ளதைப்போல் இரு மடங்கு அழுத்தம். உடுத்த ரப்பர் உடையிலுள்ள காற்றறைகள் சுருங்குகின்றன. உடல் கனத்து மேலும் தாழ்கிறது. ஆகவே பையொன்றில் சிறிது காற்றை ஊட்டி அக்கனத்தை ஈடுசெய்கிறோம். 1961-இல் பிரெஞ்சுக்காரர் மோரிஸ் ஃபென்சி காப்புரிமை பெற்ற பை, கழுத்தில் மாலைபோல் தொங்கிற்று. பின்னர் அது கைகளை நுழைத்து அணியும் சட்டையாயிற்று. பயிற்சி நிலையங்களில் பெரும்பாலும் தரப்படுவது இச்சட்டையே. நானும் அதில்தான் கற்றேன்.

என் ஆய்வு பவளத்திட்டுகளைப் பற்றியது. கடலடியில் அளவு நாடாவை விரித்து, அதன்கீழ் உள்ள பவளங்களை ஒவ்வொன்றாகக் குறிக்கவேண்டும். சென்ற ஆண்டு அந்தமானில் அவ்வாறு குறித்துக்கொண்டிருக்கையில், பின்னால் ஏதோ முறிந்த ஒலி கேட்டுத் திரும்பினேன். மான்கொம்புபோல் கிளைத்த பவளமொன்று இரண்டாகிக் கிடந்தது. என் காலில் மாட்டிய துடுப்பின் வேலை! எண்ண வந்தவனே முறித்துவிட்டேன். அதை உயிருள்ளதென்று குறிப்பதா, முறிந்ததென்று குறிப்பதா என்று பலகையும் பென்சிலுமாக நான் தயங்கி நின்ற நிலையை என்னென்பது!

பிழை எங்கே என்று அன்றிரவு தாளில் படம் போட்டுப் பார்த்தேன். சட்டையில் காற்று விலாவைச் சுற்றியும் தோளருகிலும் தங்குகிறது. ஈயக்குண்டுகளோ இடுப்பில். மேலே தூக்கும் விசை மார்பருகே, கீழே இழுக்கும் விசை இடுப்பருகே என்றால், உடல் தராசுக்கோல்போல் சாய்ந்து கால் தாழாமல் என்ன செய்யும்?

இதே தொல்லையை வட புளோரிடாவின் நீர்க்குகைகளில் மூழ்குவோர் நமக்கு முன்பே பட்டிருக்கின்றனர். குகைத் தரையில் கால் பட்டால் வண்டல் கிளம்பும். கிளம்பினால் வெளியேறும் வழி தெரியாது. அங்கே அது உயிர்ப்பிரச்சினை. அவர்களுக்காகக் கிரெக் ஃபிளானகன் வகுத்ததை வில்லியம் ஹோகார்த் மெயின் செப்பனிட்டார். முதுகில் ஒரு தகடு. அதன் துளைகளில் நுழைத்துத் தோளையும் இடுப்பையும் சுற்றிவரும் ஒரே நீண்ட வார். தகட்டுக்கும் குப்பிக்கும் இடையே காற்றுப்பை. அப்பை குப்பியின் இருபுறமும் விரிவதால் அதைச் சிறகு என்கின்றனர். காற்று முதுகோடு நீளப் பரவுகிறது; இடுப்பிலிருந்த கனத்தில் ஒரு பகுதி தகடாகி மேலேறிவிடுகிறது. உடல் கிடையாகப் படுக்கிறது.

கணக்கும் எளிதே. என் தகடு 2.7 கிலோ. எஃகின் அடர்த்திப்படி அது விலக்கும் கடல்நீர் ஏறக்குறைய 350 கிராம். ஆகவே நீருள் அதன் கனம் 2.35 கிலோ. சட்டையில் உள்ள பஞ்சுமெத்தைகளும் மிதப்பவை, அவையும் ஒழிந்தன. முன்பு 6 கிலோ ஈயம் கட்டிய நான் இப்போது 2 கிலோவே கட்டுகிறேன். உண்மையைச் சொன்னால், முன்னர்த் தேவைக்கு மேலேயே கட்டியிருந்தேன். அந்தக் குற்றத்தைச் சட்டையின் மேல் போடுவது நியாயமன்று. குப்பியில் காற்று தீரும் தறுவாயில், பை வெறுமையாக இருக்க, 5 மீட்டரில் அசையாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்தல் எந்தக் கருவிக்கும் பொது.

குறையில்லாமலும் இல்லை. நீர்மட்டத்தில் சட்டை நம்மை நிமிர்த்தி நிறுத்தும். சிறகை நிறைய ஊதினால் முகத்தை நீரில் கவிழ்க்கப் பார்க்கும். சற்றுப் பின்னே சாய்ந்து, அளவாக ஊதவேண்டும். கிடையாக இருக்கையில் காற்றை விட, தோள்பக்கக் குழாயை நாடாமல் இடுப்பருகேயுள்ள வால்வின் கயிற்றை இழுக்கவேண்டும். பழைய பழக்கத்தில் என் கை முதல் நாள் நான்கு முறை தோளுக்கே சென்றது. ஆழத்தில் அத்தவறு நேர்ந்தால் தடுப்பாரின்றி மேலே கிளம்பிவிடுவோம். ஆதலால் நீச்சல் குளத்தில் பலநாள் பழகிய பின்னரே கடலுக்கு எடுத்துச் சென்றேன்.

பூண்டு பார்க்க விரும்பும் நண்பர்கள் தாராளமாக வரலாம். ஆனால் வாரை அவரவர் உடலுக்கேற்பத் தளர்த்தவேண்டும். திரும்ப என் அளவுக்கு இறுக்கித் தருவது அவர்கள் பொறுப்பு. அரைமணி நேரம் பிடிக்கும்.