வெள்ளிக்கிழமைப் பாட்டு: திரும்பப் பார்க்க முடியாத ஒரு நிகழ்ச்சி

இங்கிலாந்தில் 2011 ஏப்ரல் மாசம் பிபிசி ஃபோர் சேனல் ஒரு வேலையைத் தொடங்கியது. 'டாப் ஆஃப் த பாப்ஸ்' என்கிற பழைய பாட்டு வரிசை நிகழ்ச்சியின் 1976ஆம் வருஷத்து எபிசோடுகளை, முப்பத்தைந்து வருஷம் கழித்து, அதே வார வரிசைப்படி ஒவ்வொன்றாகத் திரும்ப ஒளிபரப்ப ஆரம்பித்தார்கள். நல்ல பாட்டா பொறுக்கி எடுத்து ஒரு தொகுப்பு போட்டிருந்தால் நான் கவனித்திருக்கவே மாட்டேன். இவர்கள் வாரத்தை வாரமாகவே போட்டார்கள். மொக்கைப் பாட்டு, வாயசைக்கத் தெரியாத பாடகர், அசட்டுச் சிரிப்போடு நிற்கும் தொகுப்பாளர் எல்லாம் சேர்த்து.

அதில் கிடைத்ததைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்த கேள்விதான் இந்தக் குறிப்புகளுக்குக் காரணம். நம்ம 'ஒலியும் ஒளியும்' எபிசோடு ஒன்றையாவது இப்படி முழுசா உட்கார்ந்து பார்க்க முடியுமா? நான் தேடியவரை ஒன்றுகூடச் சிக்கவில்லை. அதில் வந்த பாட்டுகள் அநேகமாக எல்லாமே யூடியூபில் இருக்கு. நிகழ்ச்சி இல்லை.

(பெயரையே ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறோம், 'ஒலியும் ஒளியும்', 'ஒளியும் ஒலியும்' என்று. இங்கிலீஷ் எழுத்தில் தேடினால் இரண்டும் ஒன்றேதான். ல, ள சண்டை தேடுபொறிவரை வந்துவிட்டது.)

பாட்டுதான் இருக்கே, நிகழ்ச்சி எதுக்கு என்று கேட்கலாம். அதற்கு பிபிசிக்காரர்கள் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

'டாப் ஆஃப் த பாப்ஸ்' 1964 ஜனவரி 1 அன்று மான்செஸ்டரில், பழைய சர்ச் ஒன்றை மாற்றிக் கட்டிய ஸ்டூடியோவில் தொடங்கியது. 2006 ஜூலை 30 வரை ஓடியது. அந்த வாரம் எந்த ரெக்கார்டு எவ்வளவு விற்றது என்ற பட்டியல்தான் அடிப்படை. அதற்கு மேல் சில விதிகள். பட்டியலில் கீழே இறங்குகிற பாட்டைப் போடக்கூடாது. போன வாரம் வந்த பாட்டு இந்த வாரம் வரக்கூடாது, முதல் இடத்துப் பாட்டுக்கு மட்டும் விலக்கு. இதனால் என்ன ஆகும் என்றால், முப்பதாவது இடத்திலிருந்து இருபத்தெட்டுக்கு ஏறி, அடுத்த வாரமே காணாமல் போன பாட்டுக்கும் மூன்று நிமிஷம் கிடைத்துவிடும்.

அதுதான் இதில் ருசியான இடம். 1976 என்றதும் பாப் இசை வரலாறு எழுதுகிறவர்கள் எல்லோரும் பங்க் இசை பிறந்த வருஷம் என்பார்கள். அந்த வருஷ எபிசோடுகளை உட்கார்ந்து பார்த்தால் பங்க் கண்ணிலேயே படாது. ஆபா வரும், 'பிரதர்ஹுட் ஆஃப் மேன்' என்ற குடும்பப் பாங்கான குழு வரும், நடுநடுவே நடனக் குழு வந்து ஆடிவிட்டுப் போகும். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் முதல் ரெக்கார்டே அந்த வருஷம் நவம்பரில்தான் வெளிவந்தது. ஜனங்கள் நிஜமாகக் காசு கொடுத்து வாங்கிக் கேட்டது ஒன்று, பிற்பாடு எழுதப்பட்டது இன்னொன்று.

ஏன் 1976இலிருந்து தொடங்கினார்கள்? அதற்கு முந்தையவை பெரும்பாலும் இல்லை. அந்தக் காலத்து வீடியோ டேப் விலை அதிகம். ஒளிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதன் மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிவு பண்ணுவார்கள். 1966 ஜூனில் பீட்டில்ஸ் நேரில் வந்து பாடிய எபிசோடும் இப்படித்தான் போயிற்று. 2019இல் அதில் பதினோரு விநாடி மட்டும் வெளியே வந்தது. யாரோ ஒரு நேயர் தன் வீட்டு டிவி திரையை 8 மில்லிமீட்டர் கேமராவால் படம் பிடித்து வைத்திருந்தாராம். உலகத்திலேயே பெரிய இசைக்குழு, பணக்கார ஒளிபரப்பு நிறுவனம், கடைசியில் காப்பாற்றியது ஒரு வீட்டுக் கேமரா.

இருக்கிற எபிசோடுகளையும் எல்லாம் போடுவதில்லை. தொகுப்பாளர் ஜிம்மி சாவில் குழந்தைகளுக்கு இழைத்த கொடுமைகள் 2012இல் வெளியே வந்தபிறகு, அவர் வரும் வாரங்களைத் தாண்டிவிட்டு அடுத்த வாரத்துக்குப் போனார்கள். அது சரியான முடிவுதான் என்பது என் அபிப்பிராயம்.

நம்ம நாட்டில் இந்த மாதிரி வரிசை நிகழ்ச்சி ரேடியோவில் அவர்களுக்கும் முன்னாடியே வந்துவிட்டது. 1952இல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில் ஆல் இந்தியா ரேடியோ சினிமாப் பாட்டை ஒதுக்க, நேயர்கள் கூட்டமாக ரேடியோ சிலோன் பக்கம் போனார்கள். அந்த வருஷம் டிசம்பர் 3ஆம் தேதி அங்கே தொடங்கியதுதான் 'பினாகா கீத்மாலா'. பற்பசை கம்பெனி விளம்பரதாரர், அமீன் சயானி தொகுப்பாளர். ரெக்கார்டு விற்பனையையும் ஊர் ஊராக இருந்த நேயர் மன்றங்களின் ஓட்டையும் சேர்த்து வரிசை போட்டார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் சயானி சொல்லும் வார்த்தை 'பாய்தான்', அதாவது படி. இந்தப் பாட்டு இந்த வாரம் இத்தனாவது படியில் என்பார்.

படி என்றால் எங்க ஊர்க்காரர்களுக்குக் காது நிமிரும். திருத்தணி மலைக்கு 365 படி, வருஷத்தின் ஒரு நாளுக்கு ஒரு படி என்று கணக்கு. டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழா. படிக்கு ஒரு திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுவார்கள். அதே ராத்திரியில் டிவிக்காரர்கள் எல்லாம் 'இந்த ஆண்டின் டாப் டென்' என்று பத்தாம் இடத்திலிருந்து ஒன்றாம் இடத்துக்கு ஏறிக்கொண்டிருப்பார்கள். வீட்டில் ஒரு பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே.

சரி, 'ஒலியும் ஒளியும்'. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் சினிமாப் பாட்டு, ஐந்தோ ஆறோ. இந்த நிகழ்ச்சியில் எண் வரிசை கிடையாது, யாரும் ஓட்டுப் போட்டதும் கிடையாது. அதனால் கறாராகப் பார்த்தால் இது 'சார்ட்' நிகழ்ச்சியே இல்லை. ஆனா பார்த்தவர்கள் மனசில் ஒரு வரிசை இருந்தது. முதலில் ஒரு கறுப்பு வெள்ளைப் பாட்டு வந்தால் தாத்தாவுக்கு. அப்புறம் கலர். கடைசிப் பாட்டு புதுப் படமா இருக்கும் என்று எல்லோரும் காத்திருப்போம். அந்தக் கடைசிப் பாட்டுதான் நம்ம 'நம்பர் ஒன்'. சனிக்கிழமை பள்ளிக்கூடத்திலும் கடைத்தெருவிலும் பேச்சு அதைப் பற்றித்தான்.

திருத்தணி சென்னையிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். டிவி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது, நடுவில் குன்று வந்தால் அதன் மறைவில் இருக்கும் வீட்டுக்கு அலை சரியாக எட்டாது. எங்க ஊரில் குன்றுக்கா பஞ்சம்? மொட்டைமாடியில் நீளமான இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் மீன்முள் ஆண்டெனாவைக் கட்டி, ஒருத்தர் மேலே திருப்ப, ஒருத்தர் ஜன்னலில் நின்று "இன்னும் கொஞ்சம், போதும், ஐயோ போச்சு" என்று கத்துவது வெள்ளிக்கிழமைச் சடங்கு. காக்கா உட்கார்ந்தால் படம் ஆடும்.

இன்னொரு விஷயம், இந்த ஊர் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதற்கு முன் சித்தூர் மாவட்டம். எல்லைக்கோடு மாறியதே தவிர வீட்டுக்குள் பேச்சு மாறவில்லை. அப்பா தமிழில் கேட்க அம்மா தெலுங்கில் பதில் சொல்லும் வீடுகள் இப்பவும் தெருவுக்கு நாலு இருக்கு. அந்தப் பக்கம் ஐதராபாத் தூர்தர்ஷனில் இதே மாதிரி வெள்ளிக்கிழமைப் பாட்டு நிகழ்ச்சிக்குப் பேர் 'சித்ரலஹரி'.

எனக்கு இதெல்லாம் வெறும் ஞாபகமாக நிற்காமல் ஆராயத் தகுந்த விஷயமாக ஆனதற்குக் காரணம் எங்க அத்தையின் ஒரு நோட்டு. அத்தை வீட்டிலேயே துணி தைத்தவர். நோட்டின் முன்பக்கம் முழுக்க ரவிக்கை அளவு. பின்பக்கத்தைத் திருப்பினால் 1986 முதல் 1988 வரை வெள்ளிக்கிழமைகளின் பாட்டுகள். தேதி, படத்தின் பேர், பாட்டின் முதல் இரண்டு வார்த்தை, கறுப்பு வெள்ளையாக இருந்தால் பக்கத்தில் ஒரு 'க'. பஸ் ஸ்டாண்டில் பாட்டுப் புத்தகம் வாங்கும்போது எந்தப் படத்துக்கு வாங்க வேண்டும் என்று தெரிய வேண்டுமே, அதற்காக எழுதினாராம். கரண்ட் போன வாரங்களில் தேதியை மட்டும் எழுதிக் கோடு போட்டிருக்கிறார்.

அந்த நோட்டைப் படிப்பது பிபிசியின் 1976ஐப் பார்ப்பது மாதிரியேதான் இருந்தது. எண்பதுகள் என்றால் இளையராஜா, அவ்வளவுதான் என்று இன்றைக்குப் பேசுகிறோம். 'மௌன ராகம்', 'நாயகன்', 'அக்னி நட்சத்திரம்' என்று அடுக்குவோம். அவை நோட்டில் இருக்கு, இல்லாமல் போகுமா? ஆனா அவற்றுக்கு நடுவே சந்திரபோஸ் எத்தனை இடத்தில் வருகிறார் தெரியுமா! 'விடுதலை', 'சங்கர் குரு', 'மனிதன்'. மனோஜ் கியானின் 'ஊமை விழிகள்', 'உழவன் மகன்'. டி. ராஜேந்தரின் 'மைதிலி என்னைக் காதலி', 'ஒரு தாயின் சபதம்'. எஸ்.ஏ. ராஜ்குமாரின் 'சின்னப்பூவே மெல்லப்பேசு'. பம்பாயிலிருந்து லட்சுமிகாந்த் பியாரேலால் வந்து போட்ட 'உயிரே உனக்காக', ஆர்.டி. பர்மன் போட்ட 'பூ மழை பொழியுது', பெங்களூர்ப் பக்கத்திலிருந்து ஹம்சலேகாவின் 'பருவ ராகம்'. 1987இல் தமிழ்க் காது கேட்டுக்கொண்டிருந்தது இந்தக் கதம்பத்தை. இளையராஜாவின் உயரம் இதனால் குறையவில்லை. அவர் யார் யாரோடு ஒரே அரை மணி நேரத்தில் போட்டி போட்டார் என்பது தெரிகிறது. பாட்டைத் தனியாக யூடியூபில் பார்த்தால் இந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தெரியமாட்டார்கள்.

ஒரு கோடை விடுமுறைக்கு அத்தை ஐதராபாத்தில் அவர் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்த நாலு வெள்ளிக்கிழமையும் 'சித்ரலஹரி' பாட்டுகள் தமிழ் எழுத்தில் இருக்கு. அதில் சில இடங்களில் பக்கத்தில் ஒரு டிக். கேட்டேன். "அது நம்மூர் மெட்டு" என்றார். எந்த ஊர் நம்மூர் என்று நான் கேட்கவில்லை. 'மரோசரித்ரா'வும் 'சங்கராபரணம்'மும் தமிழ்நாட்டில் தெலுங்கிலேயே ஓடின, 'கீதாஞ்சலி' 1989இல் 'இதயத்தைத் திருடாதே' ஆயிற்று. மெட்டுக்கு மொழி எல்லை கிடையாது என்பது எங்க பக்கத்து ஜனங்களுக்குப் புதுச் செய்தி இல்லை.

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. அதன் பிறகு 'டாப் டென்' என்ற எண் வரிசை நிஜமாகவே வந்துவிட்டது. வரிசை எப்படிப் போட்டார்கள் என்பதைத் திரையில் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. நாங்களும் கேட்கவில்லை. 'பெப்சி உங்கள் சாய்ஸ்' வந்தபிறகு உமாவுக்கு லைன் கிடைத்தவரின் விருப்பமே வரிசை. வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்த பழக்கம் அதோடு மெல்லப் போயிற்று. இப்போது யூடியூப் எண்ணிக்கைதான் சார்ட். 'ரவுடி பேபி' 2020 நவம்பரில் நூறு கோடியைத் தாண்டியது. இந்தக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும், இறங்காது. எந்த வாரம் யார் முன்னால் இருந்தார்கள் என்று பத்து வருஷம் கழித்துக் கேட்டால், அன்றைக்கே யாராவது குறித்து வைத்திருந்தால்தான் உண்டு.

தூர்தர்ஷன் தன் பழைய பதிவுகள் பலவற்றை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. நாடகம், பேட்டி, கர்நாடகக் கச்சேரி. அவை அவர்களே எடுத்தவை. 'ஒலியும் ஒளியும்' மாதிரி நிகழ்ச்சியில் அவர்கள் சொந்தமாகச் செய்தது வரிசைப்படுத்தியது மட்டும்தான், பாட்டின் உரிமை தயாரிப்பாளரிடமும் இசைக் கம்பெனியிடமும். அப்படிப்பட்டதை யார் பொக்கிஷம் என்று நினைத்து எடுத்து வைப்பார்கள்?

அதனால் மிச்சம் இருக்கக்கூடிய இடம் வீடுகள்தான். எண்பதுகளின் கடைசியில் விசிஆர் வைத்திருந்தவர்கள் சினிமாவையோ கிரிக்கெட்டையோ பதிவு பண்ணும்போது, முன்னும் பின்னும் இரண்டு பாட்டும் நாலு விளம்பரமும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். பரணில் அப்படி ஒரு கேசட் கிடைத்தால் உடனே போட்டுப் பார்க்காதீர்கள். ஜன்னல் வழியாக டேப் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் பூஞ்சை. அதை ஓட்டினால் டேப்பும் கிழியலாம், பூஞ்சை விசிஆரின் ஹெட்டிலும் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். சுத்தம் பண்ணத் தெரிந்தவரிடம் கொடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றும்போது விளம்பரத்தை வெட்டாமல் ஏற்றச் சொல்லுங்கள். தேதி கண்டுபிடிக்க அந்த விளம்பரங்கள்தான் உதவும்.

அத்தை நோட்டை நான் முழுசா ஸ்கேன் பண்ணி வைத்துவிட்டேன், ரவிக்கை அளவுப் பக்கங்களையும் சேர்த்து. அந்தப் பக்கங்களின் ஓரத்திலும் சில பாட்டுகள் இருக்கு.