சுருங்காத தூசு

பதினான்கு அடி நீளமுள்ள ஒரு மோட்டார் காரை, கதவு, ஜன்னல், சக்கரம், பம்பர், டேஷ்போர்டு முதலிய சகல அங்கங்களோடும் ஏழு அங்குலத்துக்குள் அடக்கிவிட ஒருவர் முற்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடி ஒன்றுக்கு அரை அங்குலம் என்று கொண்டு, எல்லா அளவுகளையும் 24 ஆல் வகுத்துவிட்டால் காரியம் முடிந்தது என்றே முதலில் தோன்றும். நாம் நன்கறிந்த அம்பாஸடர் காரின் நீளம் 4.3 மீட்டருக்குச் சற்று அதிகம். இந்தக் கணக்கில் அது 18 சென்டிமீட்டராகி மேசைமேல் வந்து நிற்கும். இரும்புத் தகடும் கண்ணாடியும் ரப்பரும் கணக்குக்குப் பணிந்து சுருங்கிவிடுகின்றன, ஆனால் காற்றில் மிதக்கும் தூசு சுருங்குவதில்லை, வர்ணத்தின் கனம் சுருங்குவதில்லை, கைவிரல் சுருங்குவதில்லை, பார்க்கும் கண்ணின் கூர்மையும் அதற்குத் தக்கபடி வளர்வதில்லை. மாதிரிக் கார் கட்டும் கலையில் உள்ள சிரமம், ஆனந்தம் இரண்டுமே சுருங்க மறுக்கும் இந்த வஸ்துக்களால் விளைபவை என்பது என் திடமான அபிப்பிராயம். அதற்கென்று வீட்டில் ஒரு மேசையை ஒதுக்கி, விளக்கும் பலகணியும் பார்த்து அமைப்பதெல்லாம் இவற்றைச் சமாளிப்பதற்கான ஏற்பாடுகளே.

அளவு விகிதங்கள் பலவகை. அடிக்கு ஓர் அங்குலம் என்பது 1:12; அடிக்கு அரை அங்குலம் என்பது 1:24. இவை அடிக்கோலோடு பழகியவர்களுக்கு எளிதில் விளங்கும். 1:43 என்ற விசித்திரமான எண்ணோ, அடிக்கு 7 மில்லிமீட்டர் என்ற கணக்கில் பிரிட்டனில் செய்யப்பட்ட மாதிரி ரயில்களின் உறவாக வந்து சேர்ந்தது. அமெரிக்கக் கம்பெனிகள் பெரும்பாலும் 1:25 ஐயும், ஜப்பானியக் கம்பெனிகள் 1:24 ஐயும் கைக்கொண்டன. புதிதாகத் தொடங்குகிறவர் இவ்விரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்வதே உத்தமம். அதற்குக் கீழே போனால் விரல் தடுமாறும், மேலே போனால் பணமும் அலமாரியும் போதா.

இதைச் சிறுவர் பொழுதுபோக்கு என்று எண்ணி ஒதுக்குகிறவர்கள், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஃபிஷர் பாடி என்ற பிரிவு அமெரிக்காவில் 1930 முதல் 1968 வரை நடத்திவந்த இளம் கைவினைஞர் சங்கத்தின் சரித்திரத்தை அறிந்தால் எண்ணத்தை மாற்றிக்கொள்வார்கள். ஆரம்பத்தில் அந்தச் சங்கம் சிறுவர்களிடம் கேட்டது, கம்பெனியின் சின்னமாக விளங்கிய நெப்போலியன் காலத்து ராஜ வண்டியின் சிறு பிரதியை. பிற்பாடு, தாமே கற்பனை செய்த ஒரு காரை 1:12 விகிதத்தில் உருவாக்கி, வர்ணம் தீட்டி அனுப்பச் சொன்னது. வெற்றி பெற்றவர்களுக்குக் கல்லூரிப் படிப்புக்கான உபகாரச் சம்பளம் பரிசாகக் கிடைத்தது. 1947 இல் அவ்விதம் வென்ற சக் ஜோர்டன் என்ற இளைஞர், பிற்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புப் பகுதி முழுவதற்கும் தலைவரானார். கையகல மாதிரியில் பின்புறத்து வளைவைச் சரியாகக் கண்டுகொண்ட கண், பெரிய காரிலும் அதைக் கண்டுகொள்ளும் என்ற நம்பிக்கை அக்கம்பெனிக்கு இருந்திருக்க வேண்டும். சங்கம் சுயமாகப் படைக்கச் சொன்னதென்றால், 1948 இல் டெட்ராய்ட் வட்டாரத்தில் தொடங்கிய ஏ.எம்.டி. கம்பெனி பாகங்களைக் கொடுத்துக் கூட்டச் சொன்னது. கார் விற்பனையாளர்களுக்காக அந்தந்த ஆண்டின் புதுக் கார்களைப் பிளாஸ்டிக்கில் சிறிதாகச் செய்து கொடுத்துவந்த அது, 1958 இல் தொடங்கி, கூட்டாத பாகங்களைப் பெட்டியில் அடுக்கி விற்றது. ஒரே பெட்டியிலிருந்து கடைக் காராகவோ, மனம்போல் உருமாற்றிய காராகவோ, பந்தயக் காராகவோ எதை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம்.

ஆனாலும் சிரத்தை என்ற சொல்லுக்கு உதாரணம் தேடுவோமானால் ஜப்பானுக்குத்தான் போகவேண்டும். ஷிஜுவோகா நகரத்தில் 1946 இல் யோஷியோ டாமியா என்பவர் தொடங்கியது ஒரு மர அறுப்புத் தொழில். மரத்தால் மாதிரிகள் செய்வது அதன் உபதொழிலாக முளைத்து, பின்பு அதுவே பிரதான தொழிலாயிற்று. அமெரிக்கப் பிளாஸ்டிக் மாதிரிகள் வந்து மரத்தை ஒதுக்கத் தொடங்கிய காலத்தில், 1960 இல் யமாட்டோ போர்க்கப்பலைப் பிளாஸ்டிக்கில் வெளியிட்டு நஷ்டமடைந்த அந்தக் கம்பெனியைப் பின்னர் வந்த பாந்தர் டாங்கி மாதிரி காப்பாற்றியது. யோஷியோவின் புதல்வர் சுன்ஸாகு டாமியா, போர்ஷே 934 பந்தயக் காரை 1:12 விகிதத்தில் செய்ய எண்ணியபோது, புகைப்படங்களும் வரைபடங்களும் போதா என்று கருதி, அதன் மூல வடிவமான போர்ஷே 911 கார் ஒன்றை விலை கொடுத்து வாங்கி, அக்கக்காகப் பிரித்து அளவெடுத்தார். திரும்பப் பூட்டுவதற்குப் போர்ஷே மெக்கானிக்குகளை வரவழைக்க வேண்டியதாயிற்று. 1976 இல் வெளிவந்த அந்த மாதிரியைக் கட்டிப் பார்த்தவர்கள் அதன் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் நேர்த்தியை இன்றும் சொல்லி வியக்கிறார்கள். அந்தக் கம்பெனியின் முதல் ரேடியோ கன்ட்ரோல் காரும் அவ்வாண்டிலேயே அதே வடிவத்தில் பிறந்தது.

இனி வர்ணத்துக்கு வருவோம். ஏனெனில் மாதிரிக் காரின் ஜீவன் அதன் மேற்பூச்சில் இருக்கிறது. போர் விமானமோ டாங்கியோ செய்கிறவர் அழுக்கையும் துருவையும் தீட்டிப் பல குறைகளை மறைத்துவிடலாம். காருக்கு அந்தச் சலுகை கிடையாது. தொழிற்சாலையிலிருந்து வரும் ஒரு காரின் மேல் உள்ள பூச்சு, அடுக்குகள் எல்லாம் சேர்ந்து, ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதே கனத்தை 1:24 மாதிரியின் மேல் பூசினால், அது பெரிய காரின் மேல் 2.4 மில்லிமீட்டர் கனத்துக்குச் சாந்து பூசியதற்குச் சமானம். நிஜக் காரில் கதவுக்கும் உடலுக்கும் இடையே 4 மில்லிமீட்டர் சந்து இருக்குமானால், மாதிரியில் அது 0.17 மில்லிமீட்டர்தான், இருபுறமும் வர்ணம் ஏறினால் சந்தே மூடிப்போகும். தலைமயிர் ஒன்று விழுந்து ஒட்டிக்கொண்டால், பெரிய காரின் பானெட்டின் மேல் கயிறு கிடப்பது போன்ற கணக்கு. நிஜக் காருக்கென்று விற்கும் உலோகப் பொடி கலந்த வர்ணத்தை வாங்கி அடிப்பதையும் நான் ஆதரிப்பதில்லை. அந்தப் பொடி பெரிய காரில் மினுங்கும், சிறிய காரில் சோற்றுப் பருக்கையாய்த் துருத்தும். மாதிரிகளுக்கென்றே மிக நுண்ணிய பொடியோடு செய்யப்படும் வர்ணங்கள் இருக்கின்றன. விலை அதிகமானாலும் அவற்றையே நாடுவது நலம்.

வேலையின் கிரமம், நம் ஊர் கார் பட்டறைகளில் நடப்பதேதான்: டிங்கரிங், பட்டி, பிரைமர், பெயின்ட், பாலிஷ். பெட்டியைத் திறந்தவுடன் பாகங்களை, அவை ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்தோடு சேர்த்து வெதுவெதுப்பான சோப்பு நீரில் அலசிக் காயவிட வேண்டும். அச்சிலிருந்து எளிதில் கழல்வதற்காகத் தடவிய எண்ணெய்ப் பசை எஞ்சியிருந்தால் வர்ணம் பிடிக்காது. பாகங்களைச் சட்டத்திலிருந்து முறுக்கிப் பிய்க்காமல், கூர்மையான சிறு வெட்டுக் குறட்டால் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியாலும் உப்புத்தாளாலும் தேய்த்து எடுக்க வேண்டும். உடலின் மேல், மட்கார்டு ஓரமாகவும் கூரை வழியாகவும் ஓடும் மெல்லிய கோடு, அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தின் தழும்பு. அவசரக்காரர்கள் அதைக் கவனியாமல் வர்ணம் அடித்துவிடுவார்கள். வெள்ளை அல்லது சாம்பல் நிறப் பிரைமர் ஏறியதும் மறைந்திருந்த குறைகள் யாவும் வெளிப்படும். அப்போது மனம் சலியாமல் மறுபடி பட்டி வைத்துத் தேய்த்து மறுபடி பிரைமர் அடிக்கிறவரே இந்த வித்தையில் முன்னேறுகிறார். டப்பாவிலிருந்து பீச்சும் ஸ்பிரேயானாலும், கம்ப்ரெஸரில் ஓடும் ஏர்பிரஷ்ஷானாலும், வீச்சு காருக்கு வெளியே தொடங்கி, காரைக் கடந்து, வெளியே முடிய வேண்டும். காரின் மேலேயே தொடங்கினால் அங்கே வர்ணம் குவியும். மெல்லிய படலங்களாக ஏற்றி, நாட்கணக்கில் காயவிட்டு, 2000 ஆம் எண்ணுக்கு மேற்பட்ட நுண்ணிய உப்புத்தாளை நீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்து, பாலிஷ் பசையால் துலக்கும்போது, பிளாஸ்டிக் என்ற நினைவே அற்றுப்போகும்படி ஓர் ஆழம் அந்தப் பரப்பில் உண்டாகிறது.

ஒட்டுவதிலும் ஒரு விவேகம் வேண்டும். இதற்கென்று விற்கும் திரவப் பசை உண்மையில் பசையே அன்று. அது பிளாஸ்டிக்கைக் கரைத்து இரு பாகங்களையும் ஒன்றாக உருக்கிவிடுகிறது. பொருத்திப் பிடித்துக்கொண்டு இடுக்கில் தூரிகை நுனியை வைத்தால் போதும், தானே உள்ளே ஊர்ந்து பரவும். குரோம் முலாம் பூசிய பாகங்களில் ஒட்டும் இடத்தின் முலாமைச் சுரண்டிவிடாவிட்டால் அது பிடிக்காது. கண்ணாடிகளுக்கு சூப்பர் குளூ கூடவே கூடாது. அதன் ஆவி பட்டு அவை பனிபடர்ந்தாற்போல் வெளுத்துவிடும். வெள்ளைப் பசை போதுமானது.

இவ்வளவுக்கும் இடம் எது? தனி அறை வேண்டியதில்லை. ஜன்னலருகே உறுதியான ஒரு மேசை போதும். அதன் உயரத்தைப் பற்றி நாம் பொற்கொல்லரிடம் பாடம் கேட்க வேண்டும்: அவர் வேலையைக் கண்ணுக்கருகே வைத்துக்கொள்வார், கையை எங்காவது ஊன்றிக்கொள்வார், தங்கத்தின் துகள் ஒன்றும் தரைக்குப் போக விடமாட்டார். எழுதும் மேசையைவிடச் சற்று உயர்ந்த பரப்பும், முழங்கைகளை ஊன்றும் வசதியும், மேசை விளிம்பிலிருந்து மடிவரை கட்டிய ஒரு துணியும் இருந்தால், சாமணத்திலிருந்து துள்ளும் பின்பார்வைக் கண்ணாடியைத் தேடி நெடுநேரம் தரையில் தவழும் அவஸ்தை நீங்கும். விளக்கு இரண்டு வேண்டும், இடமும் வலமுமாக. ஒற்றை விளக்கு கையின் நிழலையே வேலையின் மேல் போடுகிறது. பகலொளியை ஒத்த, 5000 முதல் 6500 கெல்வின் வரையுள்ள விளக்காயிருந்தால் வர்ணம் இரவிலும் பகலிலும் ஒன்றாகத் தெரியும். தலையில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடியை வயதானவர்களுக்கு மட்டும் உரியதென்று இளைஞர்கள் தள்ளவேண்டாம்.

தேய்க்கும் வேலையும் வர்ண வேலையும் ஒரே நேரத்தில் ஒரே மேசையில் நடக்கலாகாது; இதை விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். வர்ணம் அடிப்பதற்கு வெகுநேரம் முன்பே மேசையை ஈரத்துணியால் துடைத்து, தரையில் சிறிது நீர் தெளித்து, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். நம் வீடுகளில் மின்விசிறி இன்றி உட்காருவது கடினம் என்பது மெய்யே; ஆயினும் அறையின் தூசு முழுவதையும் கிளப்பி ஈரமான பானெட்டின் மேல் கொண்டுவந்து சேர்ப்பது அதுதான். அடித்து முடித்த உடலைக் கவிழ்த்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடிவைப்பது, எந்த விலையுயர்ந்த கருவியையும்விடப் பயனுள்ள காரியம். கடலோர நகரங்களில் மழைக்காலத்தில் லாக்கர் வர்ணம் அடிப்பதைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம்; தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, பளபளப்பு வெண்மையாய் மங்கிவிடும்.

சரீர சௌக்கியத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவது பாவம். லாக்கரும் தின்னரும் விடும் ஆவியைத் துணி முகமூடி தடுக்காது; கரித்துகள் அடைத்த முகமூடி வேண்டும், ஆவியை வெளியே தள்ளும் விசிறி பொருத்திய பெட்டி ஒன்றும் வேண்டும். இவை இல்லாதவர்கள் நீரில் கரையும் அக்ரிலிக் வர்ணங்களோடு திருப்தியடையட்டும். எரியும் அடுப்பும் பூஜை விளக்கும் இருக்கும் அறையில் தின்னர் பீச்சவே கூடாது. மெருகுக்காகச் சிலர் கையாளும் இரு திரவக் கலவைப் பூச்சில் ஐஸோஸயனேட் என்ற கொடிய வஸ்து இருக்கிறது. குழந்தைகள் நடமாடும் வீட்டில் அதற்கு இடமில்லை.

ஜன்னல் ஓரங்களிலும் பம்பர்களிலும் மின்னும் குரோம் பட்டைகளுக்கு, பின்புறம் ஒட்டும் பசையுள்ள மெல்லிய உலோகத் தாள் விற்கிறது. புதுப் பிளேடால் ஓரம் வெட்டி ஒட்டலாம். காரின் பெயரைத் தாங்கிய சிறு எழுத்துகளுக்கு ஓர் அழகான உபாயம் உண்டு. வர்ணத்துக்கு முன்பே அவற்றின் மேல் அந்தத் தாளை அழுத்தி ஒட்டிவிட்டு, அதன் மேலேயே வர்ணம் அடித்து, காய்ந்தபின் எழுத்துகளின் மேடுகளை மட்டும் மெல்லத் தேய்த்தால், வர்ணம் விலகி வெள்ளி எழுத்துகள் தலைகாட்டும்.

முதல் காராக, எஞ்சின் இல்லாத, பாகங்கள் குறைந்த ஒரு கிட்டை வாங்குவதே சிலாக்கியம். உடலையும் வர்ணத்தையும் மட்டும் கவனிக்க அவகாசம் கிடைக்கும். எஞ்சினோடு கூடியதை அடுத்ததாக எடுக்கலாம். அதில் ஸ்பார்க் பிளக் ஒயர்களைக் கம்பெனிகள் பெரும்பாலும் தருவதில்லை. நிஜத்தில் 7 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒயருக்கு 0.3 மில்லிமீட்டர் ஒயர் சரியாக இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து எந்த ஒயர் எந்த சிலிண்டருக்குப் போகிறது என்பதை ஊகத்தில் விடாமல், செவ்ரோலே கம்பெனியின் புகழ்பெற்ற சிறிய எட்டு சிலிண்டர் எஞ்சினானால் 1-8-4-3-6-5-7-2 என்ற அதன் நிஜ வரிசைப்படியே இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள்; என் மனம் அவர்கள் பக்கம்தான். ஆகையால் மேசைக்கு மேலே, வர்ணக் குப்பிகளின் தட்டுக்குப் பக்கத்தில், கட்டப்போகும் காரின் புகைப்படங்களுக்கும் ரிப்பேர் மானுவலுக்கும் கையெட்டும் உயரத்தில் ஒரு தட்டு ஒதுக்கிவைக்க வேண்டும்.