ரக்பி பார்க்கப் போவதென்றால் ஏப்ரலில் போங்கள்

ஐரோப்பிய கிளப் ரக்பியின் சாம்பியன்ஸ் கோப்பையை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது இறுதிப் போட்டியைப் பற்றித்தான். எந்த ஊரில், எந்தத் தேதியில், டிக்கெட் என்ன விலை? மே மாதக் கடைசி, பெரிய நகரம், அறுபது எழுபதாயிரம் பேர் அமரும் மைதானம், முடிவில் கோப்பை வழங்கும் விழா என்று எல்லாம் சேர்ந்து வரும்போது ஆசைப்படுவது இயல்பே. ஆனால் ஒரே ஒரு பயணத்துக்குத்தான் பணமும் விடுப்பும் இருக்கிறது என்றால், அதை இறுதிப் போட்டிக்குக் கொடுக்க வேண்டாம் என்பேன். ஏப்ரல் தொடக்கத்தில் நடக்கும் காலிறுதிக்கு முந்தைய சுற்றில், ஒரு சிறிய ஊரின் சொந்த மைதானத்தில் ஓர் ஆட்டம் பார்ப்பது அதைவிட மேல். இந்தப் போட்டி அமைந்திருக்கும் விதமே அதற்குக் காரணம்.

1995-96இல் ஹைனெகன் கோப்பை என்ற பெயரில் 12 அணிகளோடு தொடங்கியது இது. முதல் கோப்பையை வென்ற பிரான்சின் துலூஸ்தான் 2024 வரை ஆறு முறை வென்று முன்னணியில் இருந்தது. இப்போது 24 கிளப்புகள் ஆடுகின்றன. இங்கிலாந்து லீக்கிலிருந்து எட்டு, பிரெஞ்சு லீக்கிலிருந்து எட்டு. அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, இத்தாலி, தென்னாப்பிரிக்க அணிகள் சேர்ந்து ஆடும் லீக்கிலிருந்து எட்டு. ஆறு ஆறு அணிகளாக நான்கு குழுக்கள். லீக் சுற்றில் ஓர் அணிக்கு நான்கு ஆட்டங்கள். தன் லீக்கைச் சேர்ந்த அணியோடு அது மோதுவதில்லை. ஆக, லீக் சுற்றின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வெளிநாட்டு அணி ஒன்று ஊருக்குள் வந்து இறங்குகிறது. இறுதிப் போட்டிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. 2013இல் டப்ளினில் நடந்த இறுதியில் மோதிய தூலோன், கிளெர்மோன் இரண்டும் பிரெஞ்சு கிளப்புகள். 2015இல் லண்டன் ட்விக்கன்ஹாமிலும் அதே இரண்டுதான். 2012இல் லென்ஸ்டரும் அல்ஸ்டரும், இரண்டும் அயர்லாந்துத் தீவின் அணிகள், அதே ட்விக்கன்ஹாமில் மோதின. உள்நாட்டுப் பகையை அயலூரில் போய்ப் பார்ப்பதில் சுவை இல்லாமல் இல்லை. ஆனால் பன்னாட்டு கிளப் போட்டி பார்க்க வந்தவர் அதற்காக வந்திருக்க மாட்டார்.

அதைவிட முக்கியமானது மைதானம். இறுதி நடக்கும் இடம் வெகு முன்பே முடிவாகிவிடும். பெரும்பாலும் அது ஆடுகிற இரண்டு கிளப்புக்குமே சொந்தமாக இருக்காது. ஆனால் கிளப் ரக்பி என்பது ஓர் ஊரின் பழக்கம். அயர்லாந்தின் லிமெரிக் ஒரு லட்சம் பேர் அளவிலான நகரம். அங்கேதான் மன்ஸ்டர் அணியின் தோமண்ட் பார்க் இருக்கிறது. டிரை போட்ட பிறகு, அதாவது எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்த பிறகு, கம்பங்களுக்கு நடுவே கன்வெர்ஷன் உதைக்க வருபவர் பந்தைச் சிறிய பிளாஸ்டிக் தாங்கியில் சாய்த்து நிறுத்திவிட்டு நாலைந்து எட்டு பின்னால் போவார். அந்த நேரம் முழுக்க அரங்கத்தில் பேச்சு மூச்சு இருக்காது. பூட்ஸ் பந்தில் படும் சத்தம் மேல்வரிசை வரை கேட்கும். உதைப்பவர் எதிரணிக்காரர் என்றாலும் அப்படித்தான். விவரம் தெரியாமல் யாராவது குரல் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவர்களே அடக்கிவிடுவார்கள். பிரான்சின் பல மைதானங்களில் வழக்கம் நேர்மாறு. அங்கே விசிலடித்து உதைப்பவரைக் கலங்கடிப்பார்கள். பொது மைதானத்தில் இரண்டு கூட்டமும் கலந்து உட்காரும்போது இரண்டு வழக்கமும் பாதியாகிவிடுகின்றன. முழுசாகப் பார்க்க வேண்டுமானால் ஊருக்குத்தான் போக வேண்டும்.

சொந்த மைதானத்துக்கு என்ன வலிமை என்பதற்கு 2003 ஜனவரி 18 ஒன்றே போதும். தோமண்ட் பார்க்கில் லீக் சுற்றின் கடைசி ஆட்டம். வந்திருந்தது இங்கிலாந்து லீக்கில் அப்போது முதலிடத்தில் இருந்த குளோஸ்டர். காலிறுதிக்குப் போக மன்ஸ்டர் நான்கு டிரை போட வேண்டும். 27 புள்ளி வித்தியாசத்தில் வெல்லவும் வேண்டும். கடைசி நிமிடங்களில் ஜான் கெல்லி நான்காவது டிரை போட்டார், 31-6. டிரைக்கு ஐந்து புள்ளி, அதைத் தொடரும் கன்வெர்ஷனுக்கு இரண்டு. ரோனன் ஓகாரா உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போக, 33-6. சரியாக 27. கோப்பை கைமாறாத ஒரு லீக் ஆட்டம் அது. அயர்லாந்து ரக்பியில் இன்றும் அதிகம் பேசப்படும் ஆட்டங்களில் ஒன்றும் அதுதான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அந்த நாடகத்துக்குக் காரணம் மைதானமல்ல, அன்றைய விதிமுறை. 24 அணிகளில் எட்டுக்கு மட்டும்தான் அடுத்த சுற்று என்பதால் ஒவ்வொரு புள்ளிக்கும் உயிர் இருந்தது. இன்று 24இல் 16 அணிகள் நாக்-அவுட்டுக்குப் போகின்றன. இரண்டு ஆட்டம் வென்றாலே பெரும்பாலும் போதும். அதனால் தொலைதூர ஆட்டங்களுக்கு முக்கிய வீரர்களை அனுப்பாமல் இரண்டாம் நிலை அணியை அனுப்பும் பழக்கமும் வந்துவிட்டது. இதை நான் மறுக்கவில்லை. விமான டிக்கெட் எடுத்துப் போய் ரிசர்வ் ஆட்டக்காரர்களைப் பார்த்துத் திரும்புவது யாருக்கும் வருத்தமே. லீக் சுற்று தொடங்கும் டிசம்பரை விட்டுவிட்டு ஏப்ரல் என்று நான் சொல்வதற்குக் காரணமும் இதுதான். தோற்றால் வெளியே என்ற கட்டம் வந்துவிடும். எந்தப் பயிற்சியாளரும் யாரையும் ஒதுக்கி வைக்க மாட்டார். ஆனால் ஆட்டம் இன்னும் ஊரிலேயே நடக்கும். இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது பெரும்பாலும் இந்தச் சுற்றிலும் காலிறுதியிலும்தான்.

2025 ஏப்ரலில் லா ரோஷல் நகரில் நடந்ததை எடுத்துக்கொள்ளலாம். பிரான்சின் மேற்குக் கடலோர ஊர். மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கும் குறைவு, மைதானத்தில் 16,000 பேருக்கு மேல் அமரலாம். அந்த விகிதமே அங்கே ரக்பி என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடும். 2022, 2023 இரண்டு ஆண்டும் கோப்பையை வென்ற அணி. அதன் பயிற்சியாளர், 2003இல் அந்தக் கன்வெர்ஷனை உதைத்த அதே ஓகாரா. எதிரே வந்தது அவருடைய பழைய மன்ஸ்டர். முடிவு 25-24, மன்ஸ்டருக்கு. ஒரே ஒரு புள்ளி.

எல்லா ஆட்டமும் இப்படியா என்றால், இல்லை. அதே சுற்றில் டப்ளினில் லென்ஸ்டர் 62-0 என்று இங்கிலாந்தின் ஹார்லிகின்ஸைத் துவைத்து எடுத்தது. ஆனால் இதை ஓரளவு முன்கூட்டியே ஊகிக்கலாம். குழுவில் முதலிடம் பிடித்த அணிக்கு நான்காமிடத்து அணி வந்து வாய்க்கும். இரண்டாமிடத்து அணிக்கு மூன்றாமிடத்து அணி. லென்ஸ்டர் ஆட்டம் முதல் வகை, லா ரோஷல் ஆட்டம் இரண்டாம் வகை. இரண்டாமிடத்து அணியின் மைதானத்தைத் தேர்ந்தெடுத்தால் சமபலமான ஆட்டம் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஒரே நாட்டு அணிகள் மோதும் ஆட்டத்தையும் தவிர்த்துக்கொள்ளலாம். எட்டு ஆட்டங்கள் இருப்பதால் தேர்ந்தெடுக்க இடமிருக்கிறது. இறுதிப் போட்டியில் அது கிடையாது.

கடினமான கேள்வி வேறு. எந்த ஊரில் ஆட்டம் என்பது ஜனவரியில் லீக் சுற்று முடிந்த பிறகுதான் தெரியும். விசா எடுக்க வேண்டிய இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்கு இது சிக்கல்தான்: பிரிட்டனுக்கு ஒரு விசா, பிரான்சுக்கு ஷெங்கன் விசா, அயர்லாந்து ஷெங்கனில் இல்லை. இதற்கு வழி, கிளப்பைத் தேர்ந்தெடுக்காமல் நாட்டைத் தேர்ந்தெடுப்பது. 2025இல் இந்தச் சுற்றின் எட்டு ஆட்டங்களில் ஐந்து பிரான்சில் நடந்தன: போர்தோ, தூலோன், துலூஸ், காஸ்த்ர், லா ரோஷல். பாரிஸில் உறவினர் வீடு இருக்கும் தமிழர்கள் நம்மில் எத்தனையோ பேர். அங்கிருந்து அதிவேக ரயிலில் போர்தோ இரண்டு மணி நேரம் சொச்சம், லா ரோஷல் மூன்று மணி நேரத்துக்குள். லண்டனில் தங்குபவருக்கு, கிளப்புகள் உள்ள நார்தாம்ப்டனும் பாத் நகரும் காலையில் போய் இரவு திரும்பும் தூரம். பாத் மைதானம் ஏவன் ஆற்றங்கரையில், ஊரின் நடுவிலேயே இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

ரக்பி புதிதென்றால், கம்பங்களுக்குப் பின்னால் இருக்கை வாங்க வேண்டாம். மோதலின் வேகம் அங்கே நன்றாகத் தெரியும், ஆனால் ஆட்டத்தின் வடிவம் பிடிபடாது. நடுக்கோட்டுக்கு நேராக, கொஞ்சம் மேலே உட்கார்ந்தால், பந்தை முன்னோக்கிக் கையால் எறியக் கூடாது என்ற ஒரே விதி பதினைந்து பேரை எப்படிச் சாய்கோட்டில் நிறுத்துகிறது என்பது பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். நடுவர் சட்டையில் மைக் இருக்கிறது. அவர் பேச்சைக் கேட்பதற்கென்றே சில மைதானங்களில் குட்டி ரேடியோ விற்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். இரு அணியினரும் பிணைந்து முட்டித் தள்ளும் ஸ்க்ரம் ஏன் சரிந்தது, பெனால்ட்டி யாருக்கு, எதற்கு என்பதை நடுவர் வாயாலேயே கேட்பதைவிட நல்ல பாடம் வேறில்லை. ரசிகர்களைத் தனித்தனிப் பகுதிகளில் அடைத்து வைக்கும் வழக்கமும் இங்கே இல்லை. எதிரணி ஜெர்சிக்காரர் பக்கத்திலேயே இருப்பார், தெரியாததை அவரிடமே கேட்கலாம்.

ஏப்ரலிலும் குளிருமே என்று தயங்குபவர்களுக்கு ஒரு மாற்று உண்டு. 2022-23 முதல் தென்னாப்பிரிக்க கிளப்புகளும் இதில் ஆடுகின்றன. டர்பனின் ஷார்க்ஸ் தகுதி பெறும் ஆண்டுகளில் கிங்ஸ் பார்க்கில் டிசம்பர், ஜனவரி லீக் ஆட்டங்கள் நல்ல கோடையில் நடக்கும். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள் வாழும் ஊர் அது. வருகிற ஐரோப்பிய அணி முழு பலத்தோடு வருமா என்ற சந்தேகம் அங்கே கூடுதலாகவே இருக்கும். அதனால் ஆட்டத்துக்கு ஓரிரு நாள் முன்பு வெளியாகும் அணிப் பட்டியலைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுப்பது நல்லது. 50,000 பேருக்கு இடமுள்ள மைதானம் என்பதால் லீக் ஆட்டத்துக்கு அவ்வளவு தாமதமாக எடுத்தாலும் பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும்.