மெமரி கார்டில் தொலைந்த கல்யாணப் படம் திரும்பக் கிடைக்குமா?

கெட்டிமேளம் முழங்குகிறது. மணமகன் தாலி கட்டுகிறார். அட்சதை மழையாக விழுகிறது. போட்டோகிராபரின் காமிரா 'பளிச் பளிச்' என்று மின்னுகிறது.

ஒரு மணி நேரம் கழிகிறது. பந்தியில் இட்லியும் பொங்கலும் பரிமாறிக்கொண்டிருக்கிறார்கள். படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று போட்டோகிராபர் மெமரி கார்டைச் செருகுகிறார். திரையில் மணமக்கள் வரவில்லை. "இந்தக் கார்டைப் படிக்க முடியவில்லை. பார்மட் செய்யட்டுமா?" என்ற கேள்விதான் வருகிறது!

அல்சூரிலோ, சிவாஜிநகரிலோ, ஸ்ரீராமபுரத்திலோ நடக்கும் எந்தக் கல்யாணத்திலும் இப்படி ஒரு சோதனை வரலாம். பெங்களூரில் பிழைக்க வந்த தமிழர் வீட்டில் இது இரட்டை நஷ்டம். தர்மபுரியில் ஒருவர், வேலூரில் ஒருவர், சேலத்தில் ஒருவர் என்று சிதறிக் கிடக்கும் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் கூடுவது கல்யாணத்தில்தான். நடக்க முடியாத பாட்டியைக் கைத்தாங்கலாக ரெயில் ஏற்றி அழைத்து வந்திருப்பார்கள். பேத்தியின் தலையில் கை வைத்து அவர் ஆசீர்வதித்த அந்தப் படத்தை மறுபடி எடுக்க முடியுமா?

முடியாது. ஆனால் ஒரு நல்ல செய்தி உண்டு. கார்டு காலியாகத் தெரிவதால் மட்டும் படம் போய்விட்டது என்று அர்த்தம் அல்ல. அநேகமாக அது அங்கேயே இருக்கும். அது பிழைப்பதும் போவதும், அடுத்த பத்து நிமிடத்தில் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ரிஜிஸ்டர் கிழிந்தது, பைல் கிழியவில்லை

ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ரெக்கார்டு ரூமில் அலமாரி அலமாரியாகப் பைல்கள் இருக்கின்றன. வாசலில் ஒரு ரிஜிஸ்டர். எந்தப் பைல் எந்தத் தட்டில் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். ஒருநாள் அந்த ரிஜிஸ்டரின் பக்கம் கிழிந்துவிட்டது. கேட்கிறவருக்கு, "அப்படி ஒரு பைலே இல்லை" என்று பதில் வரும். ஆனால் பைல் தட்டில் பத்திரமாகத்தான் இருக்கிறது.

மெமரி கார்டும் அப்படியே. கார்டின் ஆரம்பத்தில் ஒரு 'ரிஜிஸ்டர்' உண்டு. படத்தின் பெயர், அது தொடங்கும் இடம், அதன் அளவு ஆகியவை அதில் பதிவாகும். நாம் ஒரு படத்தை அழிக்கும்போது காமிரா அந்தப் படத்தைத் தேடிப் போய் அழிப்பதில்லை. 32 ஜி.பி. வரை உள்ள கார்டுகளில், ரிஜிஸ்டரில் அதன் பெயரின் முதல் எழுத்தை மாற்றி, 'இந்த இடம் காலி' என்று குறித்துக்கொள்கிறது. அவ்வளவுதான். சாதாரண பார்மட்டும் ரிஜிஸ்டரைத்தான் புதிதாக்குகிறது.

ஆபத்து அதற்குப் பிறகுதான். 'காலி' என்று குறித்த இடத்தில் புதிய படம் வந்து உட்கார்ந்துவிட்டால், பழைய படம் போனது போனதுதான். அதை யாராலும் மீட்க முடியாது.

சமைக்காத படம்

கல்யாணப் போட்டோகிராபர்கள் பலர் 'ரா' என்ற முறையில் படம் எடுக்கிறார்கள். 'ரா' என்றால் பச்சையானது, சமைக்காதது என்று பொருள். சாதாரணமாக நம் கைக்கு வருவது 'ஜேபெக்' படம். அது காமிராவே சமைத்து, சுருக்கிக் கொடுக்கும் சாப்பாடு. ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள். 14 பிட் 'ரா' பைலிலோ 16,384 படிநிலைகள்.

மண்டபத்தில் ஒரு பக்கம் குத்துவிளக்கு. ஒரு பக்கம் வீடியோக்காரரின் பெரிய விளக்கு. நடுவில் ஹோமப்புகை. மணமகனின் வெள்ளை வேட்டியும் மணமகளின் அரக்குப் பட்டும் ஒரே படத்தில் சரியாக விழவேண்டும். பிறகு திருத்திக்கொள்ள 'ரா' பைல்தான் இடம் கொடுக்கும். பழைய காலத்து நெகட்டிவ் போல அதுதான் மூலம்.

கேனான் காமிராவில் இந்தப் பைலின் பெயர் சி.ஆர்.2 அல்லது சி.ஆர்.3 என்று முடியும். நிக்கானில் என்.இ.எப். சோனியில் ஏ.ஆர்.டபிள்யூ. 24 மெகாபிக்சல் காமிராவில் சுருக்காத ஒரு 'ரா' படமே சுமார் 42 எம்.பி. இடத்தை அடைக்கும்.

படம் பெரியதாக இருப்பதால் எழுதி முடிக்க நேரமும் அதிகம் பிடிக்கும். 1975-ம் ஆண்டில் கோடாக் கம்பெனியின் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் காமிரா, ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. இன்றைய காமிரா ஒரு விநாடியில் பல படம் எடுத்துவிடுகிறது. ஆனால் கார்டில் அவை வரிசையாக எழுதி முடியும்வரை சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கார்டை உருவினாலோ, பாட்டரி தீர்ந்தாலோ படம் பாதியில் நிற்கும். ரிஜிஸ்டரும் கெடும்.

பதறாத காரியம் சிதறாது

கார்டு தகராறு செய்தால் உடனே செய்ய வேண்டியவை இவை:

முதலாவதாக, அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்கக்கூடாது. வேறு கார்டைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, பெரிய கார்டின் ஓரத்தில் உள்ள சிறிய பூட்டைக் கீழே தள்ளிவிட வேண்டும். அதன் பிறகு கார்டில் எதுவும் எழுதப்படாது. விரல்நகம் அளவுள்ள மைக்ரோ கார்டில் இந்தப் பூட்டு கிடையாது. அதில் இன்னும் கவனம் தேவை.

மூன்றாவதாக, "பார்மட் செய்யட்டுமா?" என்று கம்ப்யூட்டர் கேட்டால் "வேண்டாம்" என்றே சொல்ல வேண்டும். "கோளாறைச் சரிசெய்யட்டுமா?" என்று கேட்டாலும் அதே பதில்தான். சரிசெய்கிறேன் என்று அது ரிஜிஸ்டரைத் திருத்தப் போய், இருக்கும் தடயத்தையும் கலைத்துவிடலாம்.

நான்காவதாக, வேறொரு கார்டு ரீடரில் போட்டுப் பார்க்க வேண்டும். கார்டு நன்றாக இருந்து, ரீடரோ கேபிளோ பழுதாக இருப்பதும் உண்டு. கம்ப்யூட்டரில் ஏற்றிய பிரதி திறக்கவில்லை என்றால் கார்டில் உள்ள மூலத்தை மறுபடி ஏற்றிப் பார்க்கலாம். இதற்காகத்தான் ஏற்றியவுடன் கார்டைத் துடைக்கக்கூடாது என்பது.

பெயர் இல்லாமல் தேடும் வித்தை

மீட்கிறவர்கள் முதலில் கார்டைத் தொடுவதில்லை. கார்டில் உள்ளதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை அப்படியே கம்ப்யூட்டரில் நகல் எடுத்துக்கொள்கிறார்கள். தேடுவதெல்லாம் அந்த நகலில்தான். மீண்ட படங்களையும் வேறு டிஸ்க்கில்தான் சேமிப்பார்கள்.

ரிஜிஸ்டர் இல்லாமல் எப்படித் தேடுவது? ரெக்கார்டு ரூமில் ஒவ்வொரு தட்டாகப் பார்த்து, மேல் அட்டையின் முத்திரையைக் கொண்டு பைலை அடையாளம் காண்பது போல. ஒவ்வொரு வகைப் பைலுக்கும் தொடக்கத்தில் ஒரு முத்திரை உண்டு. அந்த முத்திரை தென்பட்ட இடத்திலிருந்து படம் முடியும் இடம்வரை வெட்டி எடுத்துவிடுவார்கள். பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த கிறிஸ்தோப் கிரெனியே எழுதிய 'போட்டோரெக்' என்ற புரோகிராம் இந்த வேலையைச் செய்கிறது. அதற்குக் காசு கிடையாது. இப்படி மீளும் படங்களுக்குப் பழைய பெயர் இருக்காது. வெறும் எண்தான் இருக்கும். முகூர்த்தம் எது, நலங்கு எது என்று உட்கார்ந்து பிரிக்க வேண்டியதுதான்.

ஒரே படத்தின் துண்டுகள் வெவ்வேறு தட்டுகளில் சிதறி இருந்தால் சிக்கல். நடுநடுவே படங்களை அழித்து அழித்து எடுத்த கார்டில் இது நேரும். அப்போது மேல்பாதியில் மணமகள் தெரிவார். கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவோ, கட்டம் கட்டமாகவோ இருக்கும். இதனால்தான் அனுபவசாலிகள் காமிராவிலேயே படங்களை அழிப்பதைத் தவிர்க்கிறார்கள்.

'ரா' பைல் திறக்கவே மறுத்தாலும் இன்னொரு வழி உண்டு. காமிராவின் சின்னத் திரையில் நாம் பார்க்கும் படம் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு 'ரா' பைலுக்குள்ளும் காமிரா ஒரு ஜேபெக் படத்தை வைத்துவிடுகிறது. சில காமிராக்களில் அது முழு அளவு, சிலவற்றில் சிறியது. வெளிப்பகுதி கெட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் இந்தப் படத்தை எடுத்துவிட முடியும். நிறத்தைத் திருத்த அவ்வளவு இடம் கொடுக்காது. ஆனால் ஆல்பத்தில் ஒட்ட, பாட்டியின் முகம் பார்க்க, அது போதும்.

மீட்க முடியாதவை

எல்லாமே மீளும் என்று சொல்வதற்கு இல்லை. மேலே வேறு படம் எழுதப்பட்டது மீளாது. காமிராவில் 'லோ லெவல் பார்மட்' செய்ததும் பெரும்பாலும் மீளாது. பாதியில் நின்ற பைலில் எழுதப்படாத பாதி எங்கும் இல்லை.

போலி கார்டு மற்றொரு மோசடி. மேலே 128 ஜி.பி. என்று அச்சிட்டிருக்கும். உள்ளே 8 ஜி.பி.தான் இருக்கும். எட்டு நிரம்பிய பிறகு எடுத்த படங்கள் எங்கும் பதியவில்லை; அல்லது பழைய படங்களின் மேலேயே பதிந்துவிட்டன. பில் இல்லாமல், பாதி விலைக்குக் கிடைக்கும் கார்டில் கல்யாணப் படம் எடுப்பது பெரிய துணிச்சல்!

கார்டு உடைந்துபோனாலோ, எந்த ரீடரிலும் தென்படவே இல்லை என்றாலோ, உள்ளே உள்ள சிப்பை நேரடியாகப் படிக்கும் நிபுணர்களிடம்தான் போக வேண்டும். செலவு அதிகம்.

எஸ்.பி.ரோட்டில் கேட்க வேண்டியது

பெங்களூரில் கம்ப்யூட்டர் சாமான் என்றால் எஸ்.பி.ரோடு. சதர் பத்ரப்பா ரோடு என்பதன் சுருக்கம் அது. டவுன்ஹாலில் பஸ்சை விட்டு இறங்கினால் நடந்தே போய்விடலாம். அங்கும் நகரின் மற்றப் பகுதிகளிலும் 'டேட்டா ரெகவரி' என்ற போர்டுகளைப் பார்க்கலாம்.

கார்டைக் கொடுக்கும் முன் நான்கு கேள்விகள் கேட்பது நல்லது. நகல் எடுத்துத்தான் தேடுவீர்களா? கிடைத்த படங்களைத் திரையில் காட்டிய பிறகு பணம் வாங்குவீர்களா? ஒன்றும் கிடைக்காவிட்டால் எவ்வளவு? வேலை முடிந்ததும் உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள நகலை எங்கள் கண் எதிரே அழிப்பீர்களா? கடைசிக் கேள்வி முக்கியம். குடும்பப் பெண்களின் படங்கள் அன்னியர் கையில் தங்கக்கூடாது.

மூலம் பத்திரம்

கொடைக்கானல் வான் ஆய்வுக்கூடத்தில் 1904-ம் ஆண்டு முதல் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். கண்ணாடித் தகட்டிலும் பிலிமிலும் பதிந்த அந்தப் படங்களை, பெங்களூர் கோரமங்களாவில் தலைமையகம் கொண்ட இந்திய வான் இயற்பியல் நிறுவனம் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முந்திய சூரியனை இன்று ஆராய முடிகிறது என்றால், மூலத்தை யாரோ பத்திரமாக வைத்ததால்தான்.

வீட்டுப் படத்துக்கும் அதே விதி. இரண்டு கார்டு போடும் காமிரா என்றால் இரண்டிலும் பதியச் செய்யலாம். ஆல்பம் கைக்கு வரும்வரை கார்டைத் துடைக்க வேண்டாம் என்று போட்டோகிராபரிடம் முதலிலேயே சொல்லிவிடலாம். மூன்று பிரதி, இரண்டு விதச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்பது இத்தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் கணக்கு.

அந்த 'வேறு இடம்' பெங்களூர்த் தமிழர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. கல்யாணம் முடிந்து ஊருக்குத் திரும்பும் அண்ணன் கையில், தாம்பூலப் பையோடு ஒரு பிரதியையும் கொடுத்து அனுப்பினால் போதும். இங்கே கார்டு கெட்டாலும், அங்கே பாட்டி சிரித்துக்கொண்டிருப்பார்.