சட்டமும் சதுப்பு நிலமும்

கொல்கத்தாவின் கிழக்கு எல்லையில் பரந்து கிடக்கும் நீர்நிலைகளை நம்மில் பலர் பார்த்திருப்போம். அவற்றை வெறும் குட்டைகள் என்று எண்ணிவிடலாகாது. இம்மாநகரின் கழிவுநீரைத் தூய்மை செய்யும் இயற்கை ஆலை அதுவே.

இந்நகரின் நிலம் ஹூக்ளி ஆற்றை நோக்கிச் சாயவில்லை. கிழக்கு நோக்கியே சாய்கிறது. எனவே கழிவுநீர் கால்வாய் வழியே சென்று ஆழமற்ற ஏரிகளில் தேங்குகிறது. கதிரவன் ஒளியால் பாசி வளர்கிறது, பாசியை மீன் உண்கிறது, நீர் தெளிகிறது. தெளிந்த நீர் நெல்வயலுக்குப் பாய்கிறது. நகரம் கழித்ததே நகருக்கு உணவாகத் திரும்புகிறது!

1960களில் இச்சதுப்பின் ஒரு பகுதியை ஹூக்ளியின் வண்டலால் நிரப்பி சால்ட் லேக் நகரை எழுப்பினர். அதற்கும் திட்டம் இருந்தது. ஆனால் வீட்டுமனையை எண்ணிய அத்திட்டம், நீர்நிலை செய்த தொண்டை எண்ணவில்லை. எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்ததே திட்டத்தின் தரம்.

அந்தக் கணக்கை மாற்றியவர் அரசுப் பொறியாளர் துருவஜோதி கோஷ். அவர் ஆராய்ந்து வரைந்த நிலப்படம் பின்னர் வழக்கு மன்றத்திலும் பயன்பட்டது. 1992இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் சதுப்பை நிரப்புவதைத் தடுத்தது. 2002இல் 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2006இல் மாநில அரசு தனிச் சட்டமே இயற்றியது.

தீர்ப்பு “செய்யாதே” என்றது. சட்டமோ “இதைச் செய்” என்றது. எல்லை குறிக்கவும், நிலப் பயன்பாட்டைப் பதியவும், செயல்திட்டம் வகுக்கவும் ஓர் ஆணையத்தை அமைத்தது. அனுமதியின்றி நிலப் பயன்பாட்டை மாற்றுதல் குற்றமாயிற்று.

இத்துடன் குறை தீர்ந்ததா? இல்லை. ஆக்கிரமிப்பு வழக்குகள் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றுள்ளன. மேலும், சட்டம் நிலத்துக்கு வேலி கட்டலாம்; நீர் வராவிட்டால் என் செய்வது? கால்வாய் தூர்ந்தால், கழிவுநீர் வேறு வழியே போனால், ஏரி இருந்தும் மீன் இராது. நீரை இறைப்பதும் கால்வாயைத் தூர்வாருவதும் வேறு துறைகளின் கையில் உள்ளன. அவர்களையும், தலைமுறை தலைமுறையாக அந்நீரின் இயல்பறிந்த மீனவரையும் ஒன்றாக அமர்த்தி வகுக்கும் திட்டமே நல்ல திட்டமாகும்.

தமிழ்நாட்டிலும் ஏரிகளைக் காக்க 2007இல் சட்டம் வந்தது. அங்கும் இதே கேள்விதான்: கரையைக் காத்தோம், வரத்துக் கால்வாயைக் காத்தோமா?

திட்டம் தீட்டச் சட்டம் கட்டளையிடலாம். நல்ல திட்டம் தீட்ட அறிவும் அக்கறையும் வேண்டும். நாளை பொறியாளராகவும் வழக்கறிஞராகவும் ஊர் திரும்பப்போகும் நண்பர்களே, இந்நகரம் நமக்குக் கற்பிக்கும் இப்பாடத்தையும் உடன்கொண்டு செல்வோம்.